என் முதுகின் எம்ஆர்ஐ ரிப்போர்ட்: ஒரு விமர்சனம், ஒரு திருத்தம்

மூன்று வருடங்களுக்கு முன் இங்கே ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். இடுப்பு வலிக்கு எம்ஆர்ஐ எடுப்பது பெரும்பாலும் காசைக் கரியாக்கும் வேலை என்பது அதன் சாரம். பழைய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். அதில் கொடுத்த எண்கள் எல்லாம் சரிதான். எண்களிலிருந்து நான் எடுத்த முடிவில்தான் ஓட்டை. அந்த முடிவை நம்பி என் பெரியப்பா இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டார். அதனால் விஷயத்தை முதலிலிருந்து திரும்ப எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. பிஇ முடித்துவிட்டு இருபது வருடமாக மென்பொருள் எழுதுகிறவன். ராத்திரி உட்கார்ந்து ஆய்வுக் கட்டுரை படிக்கிற பழக்கம் உண்டு, அவ்வளவுதான். இதையும் அந்த அளவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பக்கக் காகிதம்

எனக்கு அப்போது 41 வயது. ஒரு நாள் காலையில் குனிந்து ஷூ லேஸ் கட்டும்போது இடுப்பில் சுளுக்கென்று பிடித்தது. பத்து நாள் ஆகியும் விடவில்லை. காலுக்கு வலி இறங்கவில்லை, மரத்துப் போகவும் இல்லை. உட்கார்ந்தால் வலி, நடந்தால் கொஞ்சம் தேவலை. பார்த்த டாக்டர் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே எம்ஆர்ஐக்கு எழுதிவிட்டார். சில ஆயிரம் ரூபாய், அரை மணி நேரம் அந்தக் குழாய்க்குள் டக்டக் சத்தம், மறுநாள் இரண்டு பக்க ரிப்போர்ட்.

அதில் இருந்தது சுருக்கமாக: எல்4-எல்5 மட்டத்தில் டிஃப்யூஸ் டிஸ்க் பல்ஜ், அது தீக்கல் சாக்கைத் தொட்டு உள்ளே தள்ளுகிறது, எல்5-எஸ்1 டிஸ்க்கில் டெஸிக்கேஷன், பல மட்டங்களில் டீஜெனரேட்டிவ் மாற்றங்கள். டாக்டர் பிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஜவ்வு விலகி நரம்பை அழுத்துது. தேய்மானமும் இருக்கு. வெயிட் தூக்காதீங்க, குனியாதீங்க, பைக் வேண்டாம்."

வலி ஆறு வாரத்தில் போய்விட்டது. பயம் போக ஒரு வருடம் ஆனது. என் பெண்ணுக்கு அப்போது நான்கு வயது. ஆபீஸிலிருந்து வந்ததும் தூக்கச் சொல்லி கையை நீட்டுவாள். நான் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மடியில் ஏறிக்கொள்ளச் சொல்வேன். பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் "எங்க அப்பாவுக்கு முதுகு உடைஞ்சிருக்கு" என்று அவள் சொன்னது எனக்கே காதில் விழுந்தது. அவள் சொன்னதில் தப்பில்லை. நான் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தேன்.

சொற்களைப் பார்ப்போம்

ரிப்போர்ட்டை ஒரு பிரதியாக எடுத்து விமர்சிக்கலாம் என்று தோன்றியது அப்போதுதான். காகிதத்தில் இருந்ததற்கும் என் காதுக்கு வந்ததற்கும் நடுவில் நிறைய மாறியிருந்தது.

"நரம்பை அழுத்துது" என்று ரிப்போர்ட்டில் எங்கேயும் இல்லை. தீக்கல் சாக் என்பது தண்டுவட நீரும் நரம்பிழைகளும் இருக்கும் பை. அந்தப் பையின் முன்பக்கச் சுவரில் ஒரு லேசான பள்ளம் விழுந்திருக்கிறது என்றுதான் எழுதியிருந்தது. நரம்பு அதற்குள்ளே நீரில் மிதந்துகொண்டிருக்கிறது. எந்த நரம்பு வேரும் நசுங்கியதாக ரேடியாலஜிஸ்ட் சொல்லவே இல்லை.

"ஜவ்வு விலகிடுச்சு" என்பது இன்னொன்று. விலகினது என்றால் யாராவது தள்ளி வைத்துவிடலாம் என்று தோன்றும். எண்ணெய் போட்டு எடுத்து விடுகிறேன் என்று சொல்கிற ஆட்களுக்கு இந்த ஒரு சொல் போதும். டிஸ்க், மேலும் கீழும் உள்ள எலும்புகளோடு இறுக ஒட்டியிருக்கிறது. கேரம் காயின் மாதிரி வழுக்கிப் போவதில்லை. அதன் வெளிச்சுவர் உப்பலாம், கீறல் விழலாம், உள்ளே இருக்கும் கூழ் வெளியே வரலாம். இவை மூன்றும் வேறு வேறு விஷயம். பல்ஜ் என்பது சுற்றளவில் கால்வாசிக்கு மேல் பரவலாக உப்பியிருப்பது. 2014இல் அமெரிக்க முதுகெலும்பு, ரேடியாலஜி சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வரையறை அதை ஹெர்னியேஷன் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

எல்லாவற்றையும் விட மோசமானது "தேய்மானம்". செருப்பு தேயும், பிரேக் ஷூ தேயும், மிக்ஸி கப்ளர் தேயும். தேய்கிற பொருளைக் கம்மியாகப் பயன்படுத்தினால் அதிக நாள் வரும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். எனவே தேய்மானம் என்று கேட்டவுடன் மனிதன் செய்வது முதுகை மிச்சம் பிடிப்பது. முதுகு வலிக்கான மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்வதோ இதற்கு நேரெதிர்: படுத்துக் கிடக்காதே, முடிந்தவரை நடமாடு.

படத்தில் தெரிவது எது

எம்ஆர்ஐ பிரதானமாகப் பார்ப்பது நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜனை. டி2 படத்தில் நீர் வெளுப்பாகத் தெரியும். இளம் வயது டிஸ்க்கின் நடுவில் நீர் நிறைய, அதனால் வெள்ளை. வயதாக ஆக நீர் வற்றுகிறது, கறுக்கிறது. டெஸிக்கேஷன் என்பது இந்த நீர் வற்றலுக்கான பெயர்தான். வலிக்கு அந்தப் படத்தில் நிறம் கிடையாது. வழக்கமான எம்ஆர்ஐ படுத்த நிலையில் எடுப்பது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு வலித்தது உட்காரும்போது.

சரி, வலியே இல்லாதவர்களைப் படம் எடுத்தால் என்ன தெரியும்? 1990இல் ஸ்காட் போடனும் சகாக்களும் 67 பேரை எடுத்தார்கள். யாருக்கும் முதுகு வலி வந்ததில்லை. மூன்றில் ஒருவருக்குக் குறிப்பிடத்தக்க கோளாறு தெரிந்தது. 1994இல் மாரீன் ஜென்சன் குழு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியிட்ட ஆய்வில் 98 பேர், யாருக்கும் வலி இல்லை. 52 சதவீதம் பேருக்கு ஒரு மட்டத்திலாவது பல்ஜ், 27 சதவீதத்துக்கு ப்ரொட்ரூஷன். எல்லா டிஸ்க்கும் நார்மல் என்று வந்தது 36 சதவீதம் பேருக்குத்தான்.

2015இல் மேயோ கிளினிக்கின் வலீத் பிரிஞ்சிக்ஜியும் சகாக்களும் இப்படிப்பட்ட 33 கட்டுரைகளைத் தொகுத்தார்கள். மொத்தம் 3,110 வலியில்லாத மனிதர்கள். 40 வயதில் 68 சதவீதம் பேருக்கு டிஸ்க் டீஜெனரேஷன், 50 சதவீதத்துக்குப் பல்ஜ். 80 வயதில் டீஜெனரேஷன் 96 சதவீதம்.

அதாவது 41 வயதில் என் ரிப்போர்ட்டில் இருந்த எல்லாமே, ஆபீஸ் கேன்டீனில் வலியில்லாமல் டீ குடித்துக்கொண்டிருந்த என் வயதுக்காரர்களில் பாதிப் பேர் முதுகிலும் இருந்திருக்கும். எங்கள் தொழிலில் இது பழகின விஷயம். பத்து வருடப் பழைய கோட் பேஸில் ஸ்டேடிக் அனலைஸர் ஓட்டினால் நானூறு வார்னிங் வரும். நேற்று ராத்திரி சர்வர் விழுந்ததற்கு அந்த நானூறில் ஒன்று காரணமாக இருக்கலாம், ஒன்றுமே காரணமில்லாமலும் இருக்கலாம். வார்னிங் லிஸ்டைப் பார்த்து "இதுதான்" என்று கை வைக்கிற ஜூனியரை நாங்கள் விடுவதில்லை.

படம் மாறினால் வலி மாறுமா என்ற கேள்விக்கும் நெதர்லாந்தில் ஒரு ஆய்வு இருக்கிறது (எல் பர்சூஹி, 2013). டிஸ்க் பிதுங்கி காலுக்கு வலி இறங்கிய 283 பேர். ஒரு வருடம் கழித்து 84 சதவீதம் பேர் நன்றாகிவிட்டதாகச் சொன்னார்கள். திரும்பப் படம் எடுத்தால், நன்றானவர்களில் 35 சதவீதம் பேருக்குப் பிதுக்கம் இன்னமும் தெரிந்தது. நன்றாகாதவர்களில் 33 சதவீதம் பேருக்கு. படத்தை மட்டும் வைத்து யார் தேறினார், யார் தேறவில்லை என்று சொல்வதும் காசு சுண்டிப் போடுவதும் ஒன்றுதான்.

பழைய குறிப்பில் இதுவரைக்கும் எழுதியிருந்தேன். "ஆக, எம்ஆர்ஐ வேஸ்ட்" என்று முடித்திருந்தேன்.

நான் அப்போது விட்டது

அதே பிரிஞ்சிக்ஜி, அதே 2015, அதே இதழில் இன்னொரு கட்டுரை. 50 வயதுக்கு உட்பட்டவர்களில் வலி உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட 14 ஆய்வுகளின் தொகுப்பு. அதில் பல்ஜ் வலி உள்ளவர்களில் 43.2 சதவீதம், இல்லாதவர்களில் 5.9 சதவீதம். டீஜெனரேஷன் 57.4க்கு 34.4. ப்ரொட்ரூஷன் 42.2க்கு 19.1. சம்பந்தம் இல்லாமல் இல்லை. முதல் கட்டுரை ஊரெல்லாம் பரவியது. இரண்டாவதை நானும் தேடிப் படிக்கவில்லை. எனக்குப் பிடித்த முடிவை முதல் கட்டுரை சொல்லிவிட்டது, அதோடு நிறுத்திக்கொண்டேன்.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரு இடறல் இருக்கிறது. வலியில்லாத 40 வயதுக்காரர்களில் பல்ஜ் 50 சதவீதம் என்கிறது ஒன்று, 50 வயதுக்குள் 5.9 என்கிறது மற்றது. ஒரே குழு, ஒரே வருடம். இரண்டாவது கட்டுரையில் பல்ஜுக்கான ஆட்ஸ் ரேஷியோ 7.54 என்று பெரிதாக இருந்தாலும் அதன் நம்பிக்கை இடைவெளி 1.28 முதல் 44.56 வரை நீள்கிறது. இவ்வளவு அகலமான இடைவெளி உள்ள எண்ணைத் தூக்கிப் பிடித்து யாரும் சண்டை போடக் கூடாது. பல்ஜ் என்று எதைச் சொல்வது என்பதிலேயே ஆய்வுக்கு ஆய்வு வித்தியாசம் இருந்தால்தான் இப்படி ஆகும் என்பது என் ஊகம்.

அந்த ஊகத்துக்கு ஒரு ஆதாரம் உண்டு. 2017இல் ரிச்சர்ட் ஹெர்சாக் குழு வெளியிட்டது. முதுகு வலியும் வலது காலுக்கு இறங்கும் வலியும் உள்ள 63 வயதுப் பெண்மணி ஒருவர், மூன்றே வாரத்தில் பத்து வெவ்வேறு மையங்களில் எம்ஆர்ஐ எடுத்துக்கொண்டார். பத்து ரிப்போர்ட்டிலும் சேர்த்து 49 கண்டுபிடிப்புகள். பத்திலும் பொதுவாக இருந்தது ஒன்றுகூட இல்லை. மூன்றில் ஒரு பங்கு கண்டுபிடிப்புகள் ஒரே ஒரு ரிப்போர்ட்டில் மட்டும் இருந்தன. ஒரு ஆளை வைத்துச் செய்த ஆய்வு, அதை அளவுக்கு மீறி இழுக்கக் கூடாது. ஆனால் ரிப்போர்ட்டை அச்சடித்த உண்மையாக நினைக்கிறவர்கள் ஒரு முறை படிக்க வேண்டியது.

கோவையிலிருந்து ஒரு ஆய்வு

ரிப்போர்ட்டின் சொற்கள் நோயாளியை என்ன செய்கின்றன என்பதை நேரடியாகச் சோதித்தது கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில். டாக்டர் எஸ். ராஜசேகரன் குழு, 2021, யூரோப்பியன் ஸ்பைன் ஜர்னல். நீண்ட நாள் இடுப்பு வலி உள்ள 44 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ரிப்போர்ட்டில் உள்ளதை அப்படியே விளக்கினார்கள். இன்னொரு பிரிவிடம், உங்கள் ஸ்கேன் நார்மல், வயதுக்கேற்ற மாற்றங்கள்தான் இருக்கின்றன என்றார்கள். ஆறு வாரம் கழித்து, ரிப்போர்ட்டை முழுசாகக் கேட்டவர்கள் தங்கள் முதுகைப் பற்றி அதிகம் பயந்தார்கள், வலி குறைந்தது கம்மி, அன்றாட வேலை செய்யும் திறனும் கம்மி. படித்தபோது எனக்கு என் பெண் சொன்னதுதான் ஞாபகம் வந்தது. ஆய்வின் இன்னொரு கட்டத்தில், பயமுறுத்தும் சொற்களை எடுத்துவிட்டு எழுதிய ரிப்போர்ட்டைக் கொடுத்தபோது டாக்டர்களின் மதிப்பீடே மாறியது.

எனக்கு இதில் இரண்டு தயக்கம். முதலாவது, 44 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, ஆறு வாரம் என்பது குறைந்த காலம். இரண்டாவது, அமெரிக்காவில் ஜெஃப்ரி ஜார்விக் தலைமையில் நான்கு மருத்துவக் குழுமங்களில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு (2020). ரிப்போர்ட்டின் கீழே, வலியில்லாதவர்களிடமும் இவை இவ்வளவு சதவீதம் காணப்படும் என்று ஒரு பத்தி சேர்த்தார்கள். அடுத்தடுத்த ஸ்கேனும் ஊசியும் ஆபரேஷனும் குறையவில்லை. ஓபியாய்டு மாத்திரை எழுதுவது மட்டும் கொஞ்சம் குறைந்தது.

இரண்டும் முரண் என்று நான் நினைக்கவில்லை. கோவையில் ஒரு மனிதர் எதிரே உட்கார்ந்து வாயால் சொன்னார். அமெரிக்காவில் காகிதத்தின் அடியில் ஒரு பத்தி கூடியது, அவ்வளவுதான். என்னுடைய ரிப்போர்ட்டின் அடியில் அப்படி ஒரு பத்தி இருந்திருந்தாலும், "ஜவ்வு விலகி நரம்பை அழுத்துது" என்ற வாய்வார்த்தைதான் என் காதில் நின்றிருக்கும்.

பெரியப்பா

போன வருடம் பெரியப்பா ஊரிலிருந்து போன் பண்ணினார். வயது 68. சர்க்கரை உண்டு.

"தம்பி, ஒரு மாசமா இடுப்பு ஒரே நோவா இருக்கு. இங்க டாக்டரு ஸ்கேன் எடுக்கச் சொல்றாரு. நீதான் அதப் பத்தி எழுதியிருக்கியாமே, உங்க அக்கா சொன்னா. எடுக்கவா வேண்டாமா?"

"உங்க வயசுல எடுத்தா ஆயிரம் தெரியும் பெரியப்பா. எல்லாம் வயசோட மாற்றம்தான். நடந்துக்கிட்டே இருங்க, சரியாயிடும்."

96 சதவீதம் என்ற எண் என் வாய் நுனியில் இருந்தது. அவரிடம் நான் கேட்காதது இது: ராத்திரி படுத்தாலும் வலிக்கிறதா, எடை குறைந்ததா, சாயங்காலம் உடம்பு காய்கிறதா. மூன்றுக்கும் ஆமாம் என்று பின்னால் தெரிந்தது. எடை குறைந்ததைச் சர்க்கரை என்று நினைத்துக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து நடை தடுமாறவும் அக்கா அவரைக் காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

எம்ஆர்ஐயில் இரண்டு முள்ளெலும்புகளும் நடுவில் இருக்கும் டிஸ்க்கும் சேர்ந்து அரித்திருந்தன, பக்கத்துத் தசைக்குள் சீழ். திசு எடுத்துப் பரிசோதித்ததில் காசநோய். ஒரு வருட மாத்திரை. இப்போது கோயிலுக்கு நடந்து போய் வருகிறார். என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அக்கா மட்டும், "நீ எழுதுறத அவரு அப்படியே நம்புவாருடா" என்றாள்.

பழைய குறிப்பின் ஓட்டை இதுதான். நான் அடுக்கிய எண்கள் எல்லாம் டிஸ்க் மாற்றங்களைப் பற்றியவை. டிஸ்க் பல்ஜுக்கும் வலிக்கும் உள்ள தொடர்பு பலவீனமானது என்பதிலிருந்து, எம்ஆர்ஐ எதற்கும் உதவாது என்று தாவிவிட்டேன். எலும்புக்குள் கிருமி, கட்டி, புதிதாக ஏற்பட்ட முறிவு, நரம்பு மொத்தமாக நசுங்குதல் ஆகியவற்றைக் காட்டுவதில் எம்ஆர்ஐக்கு நிகராக இன்னொன்று கிடையாது. எலும்பு மஜ்ஜையில் நீர் கோத்திருப்பதை, சாதாரண எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாத கட்டத்திலேயே அது காட்டிவிடும்.

இன்னொரு தப்பும் உண்டு. ஆபத்தான காரணம் ரொம்ப அபூர்வம் என்று நான் அப்போது காட்டிய எண் ஆஸ்திரேலியாவுடையது. சிட்னியில் முதுகு வலியோடு வந்த 1,172 பேரில் 11 பேருக்குத்தான் ஆபத்தான காரணம், அதிலும் பெரும்பாலானவை எலும்பு முறிவு. உலகக் காசநோயாளிகளில் கால்வாசிப் பேர் வாழும் நாட்டுக்கு அந்த எண்ணை அப்படியே கொண்டுவந்து ஒட்டியது என் பிழை. எலும்பில் வரும் காசநோய் அதிகம் தங்கும் இடமே முதுகெலும்புதான்.

இப்போது சொல்வது

ஸ்கேன் எடுக்கலாமா என்று என்னிடம் யாராவது கேட்டால் இப்போது நான் ஆமாம், இல்லை எதுவும் சொல்வதில்லை. டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்கச் சொல்கிறேன்: "இந்த ஸ்கேன்ல என்ன தெரிஞ்சா நீங்க வைத்தியத்தை மாத்துவீங்க?" நல்ல டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார். "கிருமி இருக்கான்னு பார்க்கணும்", "கால்ல பலம் குறைஞ்சிருக்கு, எந்த வேர்னு தெரியணும்" என்றால் அது பதில். "சும்மா பார்த்துடுவோம்" என்றால் ஆறு வாரம் பொறுக்கலாமா என்று கேட்கலாம்.

பொறுக்கக் கூடாத சமயங்கள்: சிறுநீர் அடைப்பு அல்லது கட்டுப்பாடு போவது, ஆசனவாயைச் சுற்றி மரத்துப் போவது, கால் பலம் குறைவது. இதில் எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி. காய்ச்சல், எடைக் குறைவு, ராத்திரியும் விடாத வலி, முன்பு புற்றுநோய் வந்தவர், கீழே விழுந்த வயதானவர், நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர் என்றால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் இவற்றை வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும்.

ஏற்கெனவே ரிப்போர்ட் கையில் இருக்கிறது என்றால், அதில் சொன்ன மட்டமும் பக்கமும் உங்கள் வலியோடு ஒத்துப் போகிறதா என்று கேளுங்கள். இடது பக்கம் பிதுக்கம், வலது காலில் வலி என்றால் அந்தப் பிதுக்கத்தின் மேல் பழி போட முடியாது. ஒத்துப் போனால் அது உண்மையிலேயே பயனுள்ள தகவல்.

பழைய குறிப்பை அழிக்கவில்லை. அதன் தலையில் இந்தக் குறிப்புக்கு வழி காட்டி ஒரு வரி சேர்த்திருக்கிறேன். என் பெண்ணுக்கு இப்போது ஏழு வயது, 24 கிலோ. போன வாரம் திருவிழாவில் தேர் தெரியவில்லை என்றாள். தோளில் ஏற்றிக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன். மறுநாள் கழுத்துதான் வலித்தது.